பாசிட்டிவ்: ‘நேர்மறை’ சரியான சொல்தானா?

அண்ணன் மகனுக்குக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இரண்டு வரிகள். ரத்த வகை: ஓ பாசிட்டிவ். டெங்கு: பாசிட்டிவ். சீட்டை நீட்டிய லேப் பெண், “பாசிட்டிவா இருங்கண்ணா, சரியாயிடும்” என்றார்.

முதல் பாசிட்டிவ், சிவப்பணுவின் மேல் ஆர்எச் காரணி என்ற புரதம் இருக்கிறது என்கிறது. அடுத்தது, தேடிய கிருமியின் தடயம் அகப்பட்டது என்கிறது. இரண்டுக்கும் பொருள் ‘உண்டு’ என்பதுதான்; நல்லதா கெட்டதா என்ற பேச்சே அதில் இல்லை. மூன்றாவதில்தான் மனசு வருகிறது.

லத்தீனில் ‘போனெரே’ என்றால் வைத்தல். அதன் வழி வந்த ‘பொசிட்டிவஸ்’, வைக்கப்பட்டது, நிறுவப்பட்டது. மனிதர் இயற்றி வைத்த சட்டத்தை ஆங்கிலத்தில் பாசிட்டிவ் சட்டம் என்பது இதனால்தான். நிறுவியது உறுதியானது என்ற வழியில் மற்றப் பொருள்கள் கிளைத்தன. 1747இல் பெஞ்சமின் பிராங்க்ளின் மின்சாரத்துக்குள் இச்சொல்லைக் கொண்டுவந்தார். மின்சாரத்தைத் திரவம்போல ஓடும் ஒரு பாய்மம் என்று அவர் எண்ணினார்; அது மிகுந்திருந்தால் பாசிட்டிவ், குறைந்திருந்தால் நெகட்டிவ். நம் கணக்குப் புத்தகத்தின் ‘மிகை, குறை’ அவர் நினைத்ததற்கு அப்படியே பொருந்துகிறது. வேடிக்கை, மின்சாரப் பாடத்தில் மட்டும் நாம் நேர்மின், எதிர்மின் என்கிறோம்.

இனி, எல்லா இடத்திலும் ஒட்டப்படும் ‘நேர்மறை’. ‘ஓடாக் குதிரை’யை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அந்த எதிர்மறையில் ‘மறை’ என்பதே மறுப்பு. எதிர்மறைக்கு இலக்கணம் வைத்திருக்கும் எதிர்ச்சொல் ‘உடன்பாடு’. எதிரை எடுத்துவிட்டு நேரைச் செருகியதில் பிறந்த நேர்மறையைப் பிரித்துப் பார்த்தால் ‘நேரான மறுப்பு’தான் மிஞ்சுகிறது! இலங்கைப் பாடநூல்கள் ‘நேர் எண், மறை எண்’ என்றே எழுதுகின்றன. அங்கே மறை மறையாகவே இருக்கிறது. ‘நேர்’ தனியாகவே போதும். நேர்தல் என்றால் உடன்படுதல் என்றும் ஒரு பொருள் உண்டு. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

நேர்மறை இனிப் போகாது, ஊன்றிவிட்டது. ஆனாலும் இடம் பார்த்து எழுதலாம்: வாக்கியத்துக்கு உடன்பாடு, எண்ணுக்கு மிகை, பரிசோதனைக்கு ‘தொற்று உறுதி’. கொரோனா நாள்களில் செய்தித்தாள்கள் இதைத்தான் எழுதின. ரத்த வகையை மட்டும் ஓ பாசிட்டிவ் என்றே விட்டுவிடுங்கள். அவசரத்தில் ரத்தம் கேட்பவரிடம் மொழிபெயர்ப்பு வேண்டாம்.

அந்த மூன்றாவதற்கு அம்மாவிடம் ஒரு சொல் இருந்தது. டெங்கு என்றதும் யாரோ “போன வருசம் எங்க தெருவுல ஒரு பையன்...” என்று ஆரம்பிக்க, அம்மா வெடுக்கென்று சொன்னாள்: “நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லேன்டி.”