20 லிட்டர் தண்ணி கேன் முதுகுல எவ்ளோ கனம்?

சென்னைல கேன் தண்ணி வாங்குற வீடுகள்ல அடிக்கடி நடக்குற வேலை தான் இது. தரைல இருக்குற கேனை குனிஞ்சு தூக்கி, அப்படியே இடுப்ப திருப்பி, டிஸ்பென்சர் மேல தலைகீழா கவுக்கணும். கேனோட சேத்து 20 கிலோவுக்கு கொஞ்சம் மேல வரும், "இருபது கிலோ தானே"ன்னு தோணும். ஆனா முதுகுக்கு கிலோ மட்டும் கணக்கில்லங்க, அந்த கிலோ உடம்புலேந்து எவ்ளோ தள்ளி இருக்குங்கறது தான் பெரிய கணக்கு.

நம்மள நிமிர்த்துற முதுகுத் தசைங்க, கீழ்முதுகு டிஸ்க்கோட (முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குறது) நடுவுலேந்து சுமார் 5 சென்டிமீட்டர் பின்னாடி தான் இருக்கு. கேன் 40 சென்டிமீட்டர் முன்னாடி இருந்தா, அது 8 மடங்கு தூரம், அப்போ 20 கிலோவ சமாளிக்க தசை 160 கிலோ அளவுக்கு இழுக்கணும். குனிஞ்சிருக்கும்போது தலை, கை, நெஞ்சு இதோட கனத்தையும் அதே தசை தான் தாங்குது, அது தனி. இந்த இழுப்பு மொத்தமும் டிஸ்க்க தான் போட்டு அமுக்குது.

இத நேராவே அளந்து பாத்திருக்காங்க. ஜெர்மனில உல்ம் பல்கலைக்கழகத்துல வில்கேங்கற ஆராய்ச்சியாளரோட குழு, ஒரு தன்னார்வலரோட கீழ்முதுகு டிஸ்க்குக்குள்ளயே குட்டி சென்சார் வெச்சு அளந்து 1999ல வெளியிட்டாங்க. சும்மா நிக்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்த அளக்குற அலகு). 20 கிலோ பெட்டிய நெஞ்சோட அணைச்சு புடிச்சா 1.1, அதையே 60 சென்டிமீட்டர் தள்ளி நீட்டிப் புடிச்சா 1.8. முதுக வளைச்சு குனிஞ்சு தூக்கினா 2.3, முட்டிய மடக்கி தூக்கினா 1.7. கார் டயர்ல அடிக்கிற காத்து 0.2 சொச்சம் தான், அந்த 2.3 இதவிட பத்து மடங்கு! ஒரே ஆள்கிட்ட எடுத்த அளவுங்கறதால நம்பர் ஆளுக்கு ஆள் மாறும், ஆனா கிட்ட வெச்சா குறையும் தள்ளிப்போனா ஏறும்ங்கறது எல்லாருக்கும் பொது.

டிஸ்க்குக்கு நடுவுல ஜெல் மாதிரி ஒரு பகுதி, அதச் சுத்தி நார் அடுக்கு அடுக்கா இருக்கும், ஒரு அடுக்கு இந்தப் பக்கம் சாஞ்சா அடுத்தது அந்தப் பக்கம் சாயும். இடுப்ப திருப்பும்போது பாதி நார் தான் இழுத்துப் புடிக்கும், மீதி தளந்துடும். குனிஞ்சு, தூக்கி, திருப்புறது மூணையும் ஒண்ணா செஞ்சா ஜெல் பின்பக்க ஓரமா தள்ளும், கால் வரைக்கும் போற நரம்பு சரியா அங்க தான் இருக்கு. பெரும்பாலும் ஒரே நாள்ல கிழியுறதில்ல, சின்னச் சின்னதா விரிசல் விட்டு ஒரு நாள் சாதாரணமா குனியும்போது "பிடிச்சுக்கிச்சு"ன்னு தெரிய வரும்.

அதனால இடுப்ப திருப்பாதீங்க, பாதத்த திருப்புங்க. கேனை முதல்ல ஸ்டூல் மேல ஏத்தி, உடம்போட ஒட்டிப் புடிச்சு அப்புறம் கவுங்க. முட்டிய மடக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, சரி தான், ஆனா கேன் ரெண்டு முட்டிக்கும் நடுவுல வரணும், முட்டிக்கு முன்னாடி நின்னுட்டா இன்னும் தள்ளி தான் போகும். அப்புறம், தூங்கி எழுந்த உடனே இந்த வேலை வேணாம். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணிய இழுத்து உப்பிடும், அதே ஆய்வுல தூக்கத்துல 0.1ல இருந்த அழுத்தம் காலைல 0.24 ஆகியிருக்கு, அந்த நேரத்துல குனிஞ்சா நார் ரொம்ப இழுபடும்.

பெல்ட் கட்டிக்கிட்டா போதும்னு நம்பாதீங்க, அடிபடாத ஆளுக்கு அது பாதுகாப்புன்னு சொல்ல ஆதாரம் பத்தாதுன்னு அமெரிக்காவோட வேலையிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் 1994லயே சொல்லிடுச்சு. அவங்க கணக்குப்படி எல்லாமே சாதகமா இருந்தா கூட தூக்குறதுக்கு 23 கிலோ தான் உச்சம், அரை மீட்டர் தள்ளி இருந்தா அது 11.5 ஆயிடும். நம்ம கேன் எங்க நிக்குதுன்னு பாத்துக்கோங்க.

நமக்கு வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு. கேன் போடுற அண்ணனுக்கு நாள் முழுக்க இதே தான். அவர் கேனை தோள்ல வெக்கிறது நல்ல வழி, கனம் முதுகெலும்புக்கு பக்கத்துலயே இறங்குது. அவருக்குப் போய் "சரியா தூக்குங்க"ன்னு கிளாஸ் எடுக்குறதுல பெருசா பலன் இல்ல, வெறும் பயிற்சியால முதுகுவலி குறையலன்னு பல ஆய்வுகள தொகுத்துப் பாத்தே சொல்லிருக்காங்க. தூக்குற தடவை குறையணும், அது தான் வழி. அபார்ட்மெண்ட்ல "டெலிவரி ஆளுங்க லிஃப்ட் யூஸ் பண்ணக்கூடாது"ன்னு போர்டு இருந்தா அத அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல எடுக்க சொல்லுங்க, கீழ ஒரு டிராலி வாங்கி வைங்க, வீட்ல கேன் வாய்ல மாட்டுற சார்ஜ் பம்ப் வெச்சுட்டா கவுக்குற வேலையே யாருக்கும் கிடையாது.