பெட்டிசம் போட்டது யார் என்பதை விடுங்கள்; நோட்டீஸில் என்ன தவணை?

யாழ்ப்பாணத்தில் வீடுகளுக்கு வரைபடம் கீறி, அனுமதி எடுத்துக் கொடுத்து, வேலையை மேற்பார்வை செய்வது என் தொழில். அனுமதியில்லாமல் கட்டியதாக மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ இருந்து கடிதம் வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதை ஆர் பெட்டிசம் போட்டிருப்பினம்?" பக்கத்து வளவுக்காரர், காணிப் பங்கில் கோபித்துக்கொண்ட மச்சான், புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டார் என்று சந்தேகப் பட்டியல் ஆயத்தமாக இருக்கும். நான் திருப்பிக் கேட்பது வேறு. கடிதம் எப்போது கையில் கிடைத்தது? எத்தனை நாள் தவணை போட்டிருக்கிறது? இதற்கு உடனே பதில் சொல்பவர்கள் குறைவு. கடிதம் மங்கலான படமாகக் கனடாவில் இருக்கும் மகளுக்கு வட்ஸ்அப்பில் போயிருக்கும். அசலைத் தேடி எடுப்பதே ஒரு வேலையாகிவிடும்.

பெட்டிசக்காரர், அதாவது சபைக்கு முறைப்பாடு எழுதிப் போட்டவர், யாரென்று தெரிந்தாலும் எதுவும் மாறாது. முறைப்பாடே இல்லாமல், வீதியால் போகிற சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கேற்றடியில் மணலும் கல்லும் குவிந்திருப்பதைக் கண்டுகூட உள்ளே வரலாம். எப்படி வந்தாலும் அவர் கேட்கப்போவது அனுமதிப்பத்திரத்தைத்தான்.

அதனால் கடிதத்தை ஆறுதலாக இருந்து வாசியுங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று முதலில் பாருங்கள். யாழ் மாநகர சபையின் கடிதத்தலைப்பில் வந்தாலும், உள்ளே 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், பிரிவு 28ஏ என்று இருக்கலாம். மாநகர சபைக்கும் யூ.டீ.ஏ. என்று சொல்லும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் என்ன தொடர்பு என்று குழம்பத் தேவையில்லை. அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்திய இடங்களில் அதிகார சபை தன் அதிகாரங்களை உள்ளூராட்சி சபைகளிடம் கையளித்திருக்கிறது. அப்படிப் பிரகடனப்படுத்தாத பகுதிகளில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நூறு வருடம் தாண்டியும் அது உயிரோடுதான் இருக்கிறது. ஆகவே "நாங்கள் டவுனுக்கு வெளியில், பிரதேச சபை எல்லை, எங்களுக்கு இதெல்லாம் இல்லை" என்ற கதை செல்லாது.

28ஏ கடிதம் வேலையை நிறுத்து என்று சொல்லலாம். காணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவா என்று சொல்லலாம். அனுமதிக்கும் சட்டத்துக்கும் ஏற்றபடி மாற்றியமை என்றும் சொல்லலாம். உங்களுடையது எது என்று பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்றல்ல.

எங்கள் ஊரில் ஆழமாக வேர்விட்ட ஒரு நம்பிக்கையைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். "நான் வருசா வருசம் சோலைவரி கட்டுறன், புதுசாய்க் கட்டின அறையையும் சேர்த்துத்தான் வரி கூட்டினவை, அப்ப சபை ஏற்றுக்கொண்டதுதானே?" இல்லை. வரி மதிப்பீடு செய்கிறவர் அங்கே என்ன கட்டடம் நிற்கிறது என்று பார்க்கிறார். அது நிற்கலாமா என்பதைத் தீர்மானிப்பது திட்டமிடல் பக்கம். வரிப் பற்றுச்சீட்டு எத்தனை வருடத்துக்கு இருந்தாலும் அனுமதிப்பத்திரம் ஆகாது. சபையில் தெரிந்தவர் "கட்டுங்கோ, பார்ப்பம்" என்று சொன்னதும் ஆகாது. மின் இணைப்பும் ஆகாது. "தகரக் கொட்டகைதானே", "மதில்தானே", "மேலே ஒரு அறைதானே" என்கிற எல்லாத் 'தானே'களும் அபிவிருத்திப் பிரதேசத்தில் அனுமதி கேட்கும் வேலைகள்தான். வீட்டை விடுதியாக்குவதுபோலப் பாவனையை மாற்றுவதும் இதற்குள் வரும். திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி மாணவர்களுக்கு அறை விடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

கடிதம் வந்தவுடன் வேலையை நிறுத்துங்கள். இதைச் சொன்னால் முகம் சுருங்கும். மேசனுக்கு முற்பணம் கொடுத்தாயிற்று, சீமெந்து இறுகிவிடும், மாரி வரப்போகிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் சனி, ஞாயிறு, போயா நாள் பார்த்துக் கூரையைப் போட்டு முடித்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நினைப்பது மோசமான கணக்கு. அனுமதியின்றிக் கட்டியதற்குப் பின்னர் எடுக்கும் அங்கீகாரத்தை, கவரிங் அப்ரூவல் என்று எல்லோரும் சொல்வதை, எடுக்கும்போது கட்டடம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மேலதிகக் கட்டணம் ஏறும். அத்திவாரத்தில் நிற்பதற்கும் கூரை போட்டு முடித்ததற்கும் பெரிய வித்தியாசம். அதைவிட, அறிவித்தலுக்குப் பிறகும் கட்டினார் என்ற வசனம் உங்கள் கோப்பில் ஏறிவிடும்.

அப்புறம் பதில். வாயால் போய்க் கதைத்துவிட்டு வருவது பதில் அல்ல. தவணைக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நீளமாக எழுதத் தேவையில்லை, குடும்பக் கஷ்டத்தையும் எதிர்வீட்டுக்காரரின் குணத்தையும் எழுதவே தேவையில்லை. நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "தங்கள் இன்ன இலக்க, இன்ன திகதிய அறிவித்தல் இன்ன நாளில் கிடைக்கப்பெற்றேன். அன்றிலிருந்து வேலை நிறுத்தப்பட்டுள்ளது, புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது. கட்டப்பட்டுள்ள பகுதியை அளந்து வரைபடம் தயாரிக்கத் தகுதியுள்ள ஒருவரை நியமித்துள்ளேன். விண்ணப்பம் சமர்ப்பிக்க இன்ன திகதிவரை கால அவகாசமும், தங்கள் உத்தியோகத்தருடன் தள ஆய்வுக்கு ஒரு நாளும் தந்துதவுமாறு வேண்டுகிறேன்." ஒரு பிரதியை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் கிடைத்ததற்கான முத்திரை வாங்குங்கள். இன்னொன்றைப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். புதிதாகக் கட்டியதைப் "பழைய சுவரைத் திருத்தினேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த ஒரு பொய் பிறகு எல்லா இடத்திலும் குறுக்கே வந்து நிற்கும். இடையில் யாராவது "இவ்வளவு தந்தால் முடித்துத் தரலாம்" என்றால், பற்றுச்சீட்டுக் கிடைக்குமா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியோடு கதை பெரும்பாலும் நின்றுவிடும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை, அளப்பது. நல்லூர்ப் பக்கம் ஒரு ஒழுங்கையில், இரண்டு பரப்புக் காணியில், வயதான அம்மா ஒருவர் குசினியைப் பின்னுக்கு நீட்டியிருந்தார். "தம்பி, குசினிதானே, என்ர வேலிக்குள்ளதானே" என்றார். மேசன் வேலியைப் பிடித்துத்தான் சுவர் கட்டியிருந்தார், அதில் பிழை சொல்ல ஏலாது. ஆனால் நில அளவையாளரைக் கூப்பிட்டு காணி உறுதியோடு இருந்த வரைபடத்தின்படி எல்லைக் கல்லைத் தேடியபோது, உண்மையான எல்லை வேலிக்கு உள்ளே நின்றது. கதியால் வேலி அப்படித்தான். பட்டுப்போன கதியாலுக்குப் பக்கத்தில் புதியதை நட்டு நட்டு, இருபது முப்பது வருடத்தில் யாரும் வேண்டுமென்று செய்யாமலே வேலி நகர்ந்துவிடும். குசினிச் சுவரின் ஒரு மூலை பக்கத்துக் காணிக்குள் நின்றது. கூரை விளிம்பு அதற்கும் வெளியே நீண்டு, மழைத்தண்ணீர் முழுவதும் அங்கேதான் விழுந்தது. போதாததற்கு அந்தப் பக்கம் பார்த்து ஒரு யன்னல்.

அடுத்தவன் காணிக்குள் நிற்கும் மூலைக்கு எந்தச் சபையாலும் அனுமதி தர முடியாது. அம்மாவுக்கு அதை விளங்கப்படுத்தத்தான் நேரம் எடுத்தது. கடைசியில் அந்தச் சுவரை எல்லைக்குள் இழுத்துக் கட்டி, யன்னலை அடைத்து, கூரையை வெட்டிப் பீலி போட்டு, வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் பின்பக்கம் யன்னல் வைத்தோம். அந்தத் திருத்தங்களோடு வரைந்த வரைபடத்தைக் கொடுத்ததும் மிச்சக் குசினி தப்பியது. எது தப்பும், எது தப்பாது என்பதை நீங்களே முதலில் பிரித்து, தப்பாததைச் சபை சொல்வதற்கு முன் நீங்களே கழற்றிவிடுவது மலிவு. வீதிக்கோட்டை, அதாவது வீதிக்கென்று ஒதுக்கிய எல்லைக் கோட்டை, தாண்டி முன்னுக்கு நீட்டிய கார்க் கொட்டகை இந்த வகைதான். சீற்றைக் கழற்றி, தூணை எடுத்து, புகைப்படத்தோடு கடிதம் கொடுத்தால் முறைப்பாட்டில் பாதி அங்கேயே முடியும்.

மலசலகூடம் சேர்த்துக் கட்டியவர்களுக்குக் கொஞ்சம் கடினம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, கீழே சுண்ணாம்புக்கல், குடிப்பது கிணற்றுத் தண்ணீர். வெடிப்புள்ள கல்லுக்குள்ளால் மலக்குழித் தண்ணீர் கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. சீதனமாகவும் பங்காகவும் பிரித்துப் பிரித்து வளவுகள் சிறுத்தபின், உங்கள் குழி உங்கள் கிணற்றுக்குத் தூரமாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டவாக இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மதிலுக்கு அப்பாலும் எட்டிப் பார்ப்பார். பார்க்கத்தான் வேண்டும். மேல்மாடியும் அப்படி. சுண்ணாம்புச் சாந்தில் கல் வைத்துக் கட்டிய பழைய வீட்டுச் சுவருக்கு மேலே கொங்கிறீற் தளம் போட்டவர்களிடம் பொறியியலாளரின் அறிக்கை கேட்பதை இழுத்தடிப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

கடற்கரையோரம், குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு படி உண்டு. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும். அது இல்லாமல் சபைக்குக் கொடுத்தால் கோப்பு அப்படியே கிடக்கும்.

பழைய வீட்டோடு புதிய பகுதி சேர்ந்திருந்தால், எது எப்போது கட்டியது என்று காட்ட வேண்டிவரும். பழைய வரைபடங்கள் எங்கே? 1995 இடப்பெயர்வோடு போனவை எத்தனையோ. அப்படியானவர்கள் சபையின் பழைய வரி இடாப்பில் இருக்கும் விவரம், உறுதியில் எழுதியிருக்கும் கட்டட விவரணம், கலியாணவீட்டுப் படத்தின் பின்னணி, கூகுள் ஏர்த்தில் ஆண்டுவாரியாகப் பார்க்கக்கூடிய செய்மதிப் படங்கள் எல்லாவற்றையும் சேருங்கள். கடைசியாகச் சொன்னது பலருக்குத் தெரியாது, நன்றாக உதவும். உங்கள் காணி பற்றிய கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடமே பிரதி கேட்கலாம். கேட்டதைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும்.

பதிலே கொடுக்காமல் இருந்தால் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். உங்கள் இடத்தைப் பொறுத்து யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை. அங்கே போய் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். அந்த வழக்கு அப்படிப்பட்டதல்ல. அனுமதியோடு, அனுமதியின்படி கட்டினீர்களா என்பதுதான் அங்கே பெரும்பாலும் கேள்வி. காட்ட ஒன்றும் இல்லாவிட்டால் இடிக்கும் அல்லது மாற்றியமைக்கும் கட்டளை வரும், நீங்கள் இடிக்காமல் அவர்கள் இடித்தால் அந்தச் செலவையும் உங்களிடமே அறவிடலாம். அழைப்பாணை வந்த அன்றே சட்டத்தரணியிடம் போங்கள், என்னைப் போன்றவர்களின் வேலை அதற்கு முன்னரே முடிந்துவிட வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து கட்டுவிப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இங்கே தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே அண்ணனும் தங்கையும் யார் கையொப்பம் வைப்பது என்று கதைத்துக்கொண்டிருப்பீர்கள். காணி இன்னும் அப்பப்பாவின் பெயரிலேயே இருந்தால், அல்லது பிரிபடாத பங்காக இருந்தால், விண்ணப்பத்தில் யார் உரிமையாளர் என்ற இடத்திலேயே நிற்பீர்கள். நோட்டீஸ் இறந்தவரின் பெயருக்கு வந்தது, ஆகவே செல்லாது என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள். கட்டுவிப்பது நீங்கள் என்றால் நீங்களே பதில் எழுதி, பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். அற்றோணி, அதாவது உங்களுக்காகக் கையொப்பமிட இங்கே ஒருவருக்கு அதிகாரப் பத்திரம், கொடுப்பதானால், கட்டட விண்ணப்பங்களிலும் சபை முன்னிலையிலும் கையொப்பமிடும் அதிகாரம் அதில் தெளிவாக இருக்கிறதா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். காணி விற்பதற்கு மட்டும் எழுதிய அற்றோணியோடு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கவரிங் அப்ரூவல் கிடைத்ததும் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். அமைவுச் சான்றிதழ், அதாவது சி.ஓ.சி., அதற்குப் பிறகு தனியாக விண்ணப்பித்து எடுப்பது. வங்கிக் கடனுக்குப் போகும்போதும் வீட்டை விற்கும்போதும் அதைத்தான் கேட்பார்கள். அனுமதித்த வரைபடத்தில் இருப்பதுபோலப் பீலியும் யன்னலும் குழியும் இருக்கின்றனவா என்று உத்தியோகத்தர் திரும்பவும் வந்து பார்ப்பார். அதுவரை மேசனின் மிச்சக் காசில் கொஞ்சத்தைக் கையில் வைத்திருங்கள்.