சாஃப்ட் நிற்கும் இடத்துக்கே எஞ்சின் வர வேண்டும்

வள்ளத்துக்கு அவுட்போர்ட் பூட்டுவது சின்ன வேலை. பின்பலகையில் தூக்கி வைத்து, கிளாம்ப் இரண்டையும் இறுக்கினால் சரி. எஞ்சின், கியர், புரொப்பெல்லர் எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருப்பதால், எது எதற்கு நேராக நிற்கிறது என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. அந்தப் பழக்கத்தோடு, நீர்ச்சறுக்குபவரைக் கயிற்றில் இழுத்துப் போகும் ஒரு பழைய ஸ்கீ படகை வாங்கி, மட்டக்களப்பு வாவியிலோ பாசிக்குடாவிலோ ஓட்டலாம் என்று புதுப்பிக்க இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஸ்கீ படகில் எஞ்சின் அநேகமாகப் படகின் நடுவில் இருக்கும். கியர்பொக்ஸின் பின்னால் ஒரு கப்ளிங், அதாவது கியர்பொக்ஸையும் சாஃப்டையும் முகத்தோடு முகம் போல்ட் போட்டு இணைக்கும் இரண்டு தட்டுகள். அதிலிருந்து ஏறக்குறைய ஒரு அங்குலத் தடிப்புள்ள சாஃப்ட், அதாவது புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு, சரிவாக இறங்கிப் படகின் அடியிலுள்ள குழாய் வழியே வெளியே போகும். வெளியே ஸ்ட்ரட் என்ற தாங்கி, அதற்குள் தண்ணீரே எண்ணெயாக வேலை செய்யும் ரப்பர் பேரிங், கடைசியில் புரொப்பெல்லர். வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டியிருக்கும் பலநாள் படகுகளின் டீசல் எஞ்சினுக்கும் கப்ளிங் விஷயத்தில் இதே கணக்குத்தான்.

எஞ்சினின் நேரும் சாஃப்டின் நேரும் ஒன்றாக இல்லாவிட்டால் அன்றைக்கே எதுவும் உடையாது. அதுதான் ஆபத்து. முதலில் லேசான அதிர்வு. பிறகு ரப்பர் பேரிங் ஒரு பக்கமாக மட்டும் தேயும். சாஃப்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்ட் பெக்கிங்கை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் நிற்காது. கியர்பொக்ஸின் பின் சீலில் எண்ணெய் கசியும். ஒவ்வொரு சுற்றிலும் சாஃப்ட் மிக நுண்ணியதாக வளைந்து நிமிர்வதால், உலோகம் களைத்து, கப்ளிங்குக்குப் பக்கத்தில் சாவி வெட்டு (கப்ளிங்கைச் சாஃப்டோடு பிடிக்கும் சாவி உட்காரும் பள்ளம்) இருக்கும் இடத்தில் ஒருநாள் முறியும். முறிந்த சாஃப்ட் பின்னால் நழுவிப் போனால், அது இருந்த குழாய் வழியே தண்ணீர் நேராக உள்ளே வரும். படகில் பிள்ளைகள் இருக்கலாம், பின்னால் கயிற்றில் ஒருவர் இருக்கலாம். அதிர்வு என்றதும் எல்லோரும் புரொப்பெல்லரைத்தான் கழற்றிக்கொண்டு வருகிறார்கள். அதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கப்ளிங்கைப் பார்க்காமல் படகை மறுபடி தண்ணீரில் விடாதீர்கள்.

புதுப்பிக்கும் வேலை எஞ்சினில் தொடங்குவதில்லை. எஞ்சின் உட்காரும் ஸ்ட்ரிங்கர்களை, அதாவது படகின் நீளவாக்கில் ஓடும் சட்டங்களை, முதலில் பாருங்கள். பழைய ஸ்கீ படகுகள் பலவற்றில் இவை பைபர் போர்த்திய மரச் சட்டங்கள். போல்ட் துளை வழியாக உள்ளே போன தண்ணீர் மரத்தை உளுக்க வைத்திருக்கும். வெளியே பைபர் பளபளவென்றுதான் இருக்கும். சுத்தியலால் தட்டுங்கள், மந்தமான சத்தம் வரும் இடத்தில் சின்ன துளை போட்டு மரத்தூளைப் பாருங்கள். கறுப்பாக, ஈரமாக வந்தால் அந்தச் சட்டம் போக வேண்டியதுதான். உளுத்த மரத்தில் எவ்வளவு துல்லியமாக எஞ்சினை வைத்தாலும் சில மணி நேர ஓட்டத்தில் அது இடம் மாறிவிடும். சட்டத்தை வெட்டுவதற்கு முன்னால் எஞ்சின் தாங்கிகளின் உயரம், அகலம், சாஃப்டின் சரிவு எல்லாவற்றையும் அளந்து எழுதி வைப்பது மிக முக்கியம். ஸ்ட்ரட்டிலிருந்து குழாயின் நடுவாக ஒரு மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டிப் பார்த்தால், புதிய சட்டம் எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது வால் பக்கம். பேரிங் புதிதாக இருக்கட்டும். மணல் கலங்கிய ஆழமில்லாத தண்ணீரில் ஓடும் படகில் அது சீக்கிரம் தேயும். சாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். சாஃப்ட் பேரிங்குக்குள் கையால் சுழற்றும்போது இலகுவாகச் சுழன்று, குழாயின் நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் திருத்த வேண்டியது ஸ்ட்ரட்டை. சாஃப்டின் நேர் இப்படி உறுதியான பிறகுதான் எஞ்சினை அதற்கு ஏற்ற மாதிரி நகர்த்த வேண்டும். கியர்பொக்ஸோடு 400 கிலோ அளவுக்கு வரும் எஞ்சினை அசைப்பதைவிடச் சாஃப்டைத் தூக்கி ஒட்டிவிடுவது சுகம் என்பதால் பலர் மறுபக்கமாகச் செய்கிறார்கள். கெடுவது அங்கேதான்.

சாஃப்டின் முன்முனை தன் பாரத்தாலேயே கீழே தொங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒரு அங்குலத் துருவேறா உருக்குச் சாஃப்ட் மீற்றருக்கு ஏறக்குறைய 4 கிலோ. தாங்கலில்லாமல் ஒரு மீற்றர் நீண்டிருந்தால் அதில் பாதி, 2 கிலோ, கப்ளிங் 2.5 கிலோ என்றால் மொத்தம் 4.5 கிலோ. மீன் நிறுக்கும் தொங்கு தராசை மேலே கட்டி, கப்ளிங்கை அதில் கொளுவி, முள் அந்த அளவைக் காட்டும் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அளந்தால்தான் உண்மையான நேர் தெரியும்.

இனி இரண்டு கப்ளிங் முகங்களையும் போல்ட் போடாமல் கிட்டக் கொண்டுவாருங்கள். ஒன்றின் விளிம்பு மற்றதற்குள் சண்டை பிடிக்காமல் புக வேண்டும். மேல், கீழ், இடம், வலம் என்று நாலு இடத்திலும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். நாலுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 0.003 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அது 0.08 மில்லிமீற்றர் கூட இல்லை. ஒரு ஏ4 தாளே 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. கண்ணால் பார்த்து "நேர்தான்" என்று சொல்வதில் பயனே இல்லை.

இடைவெளி எந்தப் பக்கம் கூடவோ, எஞ்சினின் முன்பக்கத்தை அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். மேலே கூட என்றால் முன்பக்கத்தை உயர்த்துங்கள், கீழே கூட என்றால் இறக்குங்கள். திருத்தியும் சரிவரவில்லையா? சாஃப்ட் கப்ளிங்கை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி அளங்கள். பெரிய இடைவெளி கப்ளிங்கோடு சேர்ந்து இடம் மாறினால், குற்றம் எஞ்சினில் இல்லை. சாஃப்டோ கப்ளிங் முகமோ கோணலாக இருக்கிறது.

இந்த இடத்தில் பட்டறைப் பொடியன்மார் சொல்லும் ஒரு வசனம் உண்டு: "போல்டை இறுக்கினாத் தானா வந்து சேந்திரும் அண்ணன்." சேரத்தான் செய்யும். கப்ளிங் போல்ட் பலமானது, எந்தக் கோணலையும் இழுத்து மூடிவிடும். இடைவெளி மறையும், இழுவை சாஃப்டிலேயே நிற்கும். தயவுசெய்து யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள். நாலு தாங்கிகளும் பாரத்தைப் பங்கு போட்டுத் தாங்குகின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று தூக்கலாக இருந்தால், ஆடும் நாற்காலியைப் போல எஞ்சின் ஓடும்போது உட்கார்ந்து எழும்பும்.

இவ்வளவும் கரையில் செய்தது பாதி வேலை. டிரெய்லரில் இருக்கும் பைபர் படகும் தண்ணீரில் மிதக்கும் படகும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. படகை இறக்கி ஒருநாளாவது மிதக்க விட்டு, தாங்கில் வழக்கமான அளவு எரிபொருளோடு, கப்ளிங் போல்ட்களைக் கழற்றி மறுபடி அளங்கள். மாரி காலத்தில் வேலையைத் தொடங்கிச் சித்திரைக்கு இறக்கத் திட்டமிடுகிறவர்கள், இப்படி மறுபடி அளப்பதற்கும் நாள் ஒதுக்கி வையுங்கள். முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு இன்னொரு தடவை பாருங்கள்; புதிய ரப்பர் தாங்கிகள் கொஞ்சம் அமர்ந்திருக்கும்.

டீசலுக்குப் பழகியவர்களுக்கு இன்னொன்று. ஸ்கீ படகு எஞ்சின்கள் பெரும்பாலும் பெற்றோலில் ஓடுபவை. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, படகின் அடியில் தேங்கும். ஸ்டார்ட் செய்ய முன் எஞ்சின் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்து, காற்றூதியை 4 நிமிடமாவது ஓட விடுங்கள். விலை குறைவு என்று கார் ஸ்டார்ட்டரையோ கார் அல்டர்னேட்டரையோ பூட்டாதீர்கள். படகுக்கென்று செய்தவற்றில் உள்ளே எழும் பொறி வெளியிலுள்ள ஆவியைப் பற்ற வைக்காதபடி மூடியிருப்பார்கள். காருக்குரியவற்றில் அந்தத் தடுப்பு இல்லை.