ஒரு செக்கனுக்கு எவ்வளவு?

வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது வட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி வரும். "அண்ணை, ஒரு நிமிச அனிமேஷனுக்கு எவ்வளவு கேக்கலாம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் கணினியோடு இருக்கிற பிள்ளைகள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "ஒரு செக்கன் செய்ய உமக்கு எவ்வளவு நேரம் போகும்?" அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இராது. சிலர் ஒரு மணித்தியாலம் என்பார்கள். சிலர் "அது வேலையைப் பொறுத்தது அண்ணை" என்று நழுவுவார்கள். அளந்து வைத்திருப்பவர் அபூர்வம்.

நானும் அளக்காமல் வந்தவன்தான். தொழில் தொடங்கி இரண்டாம் வருடம், இங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கல்வி நிலையம் 40 செக்கன் அனிமேஷன் விளம்பரம் கேட்டது. கஸ்தூரியார் வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து கதைத்தோம். எவ்வளவு என்றார்கள். வாயில் வந்தது 25,000 ரூபா. பேரம் பேசாமல் உடனே ஓம் என்றார்களே, அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

காட்சி சின்னதுதான். ஒரு பிள்ளை சைக்கிளில் வருவாள், படலையைத் திறப்பாள், திரும்பிக் கையசைப்பாள். சினிமாக் கணக்கில் ஒரு செக்கனுக்கு 24 பிரேம், அதாவது 24 நிலைக்காட்சி திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். கையால் வரைகிறவர்கள் வழக்கமாக ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவார்கள், ஆக 12 படம். 40 செக்கனுக்கு 480 படம். கீறி, கோட்டைத் துப்புரவாக்கி, நிறம் போட ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் என்றாலே 80 மணித்தியாலம். அதற்கு மேல்தான் திருத்தங்கள் வந்தன. சைக்கிளுக்குக் கூடை வைத்தோம், பிறகு கூடையை எடுத்தோம். எல்லாம் முடிந்து நிறமும் போட்ட பிறகு முதலாளியின் மச்சானுக்குப் பிள்ளையின் ஒற்றைப் பின்னல் பிடிக்கவில்லை, இரட்டைப் பின்னல் வேண்டுமாம். பின்னல் என்பது தலையில் ஒட்டி வைக்கிற பொருள் இல்லை. தலை திரும்பினால் பின்னல் பிந்தித் திரும்பும், தலை நின்ற பிறகும் நுனி இன்னும் இரண்டு ஆட்டம் ஆடும். இரண்டு பின்னல் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் ஆடவும் கூடாது. ஸ்டோரிபோர்ட் (காட்சிகளை முதலில் கட்டம் கட்டமாகக் கீறிப் பார்ப்பது), ஒலி, திருத்தம் எல்லாம் சேர்த்து இன்னுமொரு 45 மணித்தியாலம் போனது. மொத்தம் 125. பிரித்துப் பார்த்தால் மணிக்கு 200 ரூபா.

அதே கிழமை எங்கள் வீட்டுக் கூரையில் ஓடு மாற்ற ஒருவர் வந்தார். அண்ணாந்து ஒருக்கால் பார்த்தார், "ரெண்டு நாள் வேலை" என்றார், தொகையைச் சொன்னார். அம்மா குறைக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

விலை கேட்டால் இவன் ஏன் தொழிலைப் பற்றிக் கதைக்கிறான் என்று நினைப்பீர்கள். இரண்டும் ஒரே கணக்குத்தான் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு அசைவுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவரால் அதற்கு எத்தனை மணித்தியாலம் போகும் என்றும் சொல்ல முடியாது.

போன மாதம் வடமராட்சித் தம்பி ஒருவர் ஒரு அனிமேஷன் துண்டு அனுப்பியிருந்தார். பனையில் இருந்து பனம்பழம் விழுகிறது. பனையும் வெளிச்சமும் நல்ல வடிவு. பழம் மட்டும் விழவில்லை, மெதுவாக இறங்கியது. என்ன செய்தீர் என்று கேட்டேன். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் மேலே ஒரு கீ, கீழே ஒரு கீ (எந்த பிரேமில் பழம் எங்கே இருக்க வேண்டும் என்ற குறி), நடுவை மென்பொருள் நிரப்பியது என்றார். பிளெண்டரை அதன் போக்கில் விட்டால் தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தைக் குறைத்துத்தான் நிரப்பும். ஆகவே பழம் நிலத்துக்குக் கிட்ட வந்ததும் பஸ் மாதிரி பிரேக் பிடித்தது.

விழுகிற பொருளுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சமமான நேரங்களில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று கூடிக்கொண்டு போகும். பழம் நிற்கிற உயரம் 20 மீற்றர் என்று வையுங்கள். நிலத்துக்கு வர ஏறத்தாழ 2 செக்கன், 48 பிரேம். முதல் 12 பிரேமில் 1.2 மீற்றர்தான் இறங்கும். அடுத்த பன்னிரண்டில் 3.7, அதற்கடுத்து 6.1, கடைசிப் பன்னிரண்டில் 8.6. அதாவது முக்கால்வாசித் தூரத்தைக் கடைசி ஒரு செக்கனில் கடக்கிறது. தொடும்போது உச்ச வேகம், உடனே நிறுத்தம். பந்தைப் போல எழும்பாது. 'தொம்' என்று விழுந்து, அரை அங்குலம் எழும்பின மாதிரி இருந்து, சரிந்து உருண்டு நிற்கும். அந்த உருளலில்தான் பார்ப்பவருக்குப் பாரம் தெரியும். பந்து குதிக்கிற பயிற்சியை எல்லா ஆசிரியர்களும் முதலில் தருவது இதற்காகத்தான். எங்கள் பிள்ளைகள் அதை ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்டு அடுத்த நாளே வாள்ச்சண்டை செய்யப் போகிறார்கள்.

டிஸ்னியில் வேலை செய்த இரண்டு பேர் 1981-இல் அனிமேஷனுக்குப் 12 அடிப்படைகளை எழுதி வைத்தார்கள். அவற்றின் பெயர்களைப் பாடமாக்கி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். நான் சொல்வது, வீட்டில் ஆச்சி இருந்தால் அவர் பாயில் இருந்து எழும்புவதை ஒருக்கால் பாருங்கள். முதலில் கை நிலத்தைத் தேடும். உடம்பு முன்னுக்குச் சாயும், அதாவது மேலே போக முதல் கீழே போகும். மற்றக் கை முழங்காலில். ஒரு மூச்சு. இடுப்புத்தான் முதலில் எழும்பும், தலை கடைசி. நின்ற பிறகும் ஒரு கணம் சுவரைப் பிடித்தபடி. அந்த முன்னுக்குச் சாய்கிற இடத்தை விட்டுவிட்டு வரைந்தால் ஆச்சி கயிற்றில் இழுத்த பொம்மை மாதிரி எழும்புவார். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றும்போது வாலை மட்டும் போனில் எடுத்து, வீட்டுக்கு வந்து பிரேம் பிரேமாக நிறுத்திப் பாருங்கள். பின்னல் ஏன் பிந்தித் திரும்புகிறது என்று அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

தமிழில் வாயசைவு செய்கிறவர்களுக்கு ஒன்று. இணையத்தில் கிடைக்கிற வாய் வடிவ அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்குச் செய்தவை. அப்படியே போட்டால் கதாபாத்திரம் மொழிபெயர்த்த படத்தில் கதைக்கிற மாதிரி இருக்கும். நாங்கள் ஆறாம் வகுப்பில் படித்த மாத்திரையை எடுங்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஆரம்பக் கணக்காகக் குறிலுக்கு 3 பிரேம் விட்டால் நெடிலுக்கு 6. பிறகு குரலைக் கேட்டுக் கூட்டிக் குறையுங்கள். ம, ப வரும் இடத்தில் உதடு கட்டாயம் மூட வேண்டும், ஒரு பிரேமாவது. 'அம்மா' என்று சொல்லும்போது உதடு ஒட்டாவிட்டால் பார்க்கிற குழந்தைக்குக்கூடப் பிழை தெரியும். ழகரத்துக்காக மெனக்கெட வேண்டாம், நாக்கு உள்ளே செய்கிற வேலை வெளியே தெரியாது.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிளெண்டர், கிரீட்டா, ஓப்பன்டூன்ஸ் மூன்றும் இலவசம். 2025-இல் ஒஸ்கார் வாங்கிய லத்வியா நாட்டு அனிமேஷன் படம் பிளெண்டரில் செய்ததுதான். இதைச் சொன்னதும் சில வாடிக்கையாளர்கள் "மென்பொருள் சும்மா கிடைக்குது எண்டால் பிறகென்ன காசு?" என்பார்கள். மண்வெட்டி இரவலாக வந்தால் கிணறு தானாக வெட்டுப்படுமா?

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் தொடங்கின நேரம், முடித்த நேரம், எத்தனை செக்கன் என்று எழுதுங்கள். மூன்று மாதம் போதும், உங்கள் வேகம் உங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு மாதச் செலவைப் போடுங்கள். வீடு, மின்சாரம், இணையம், நாலு வருடத்தில் மாற்ற வேண்டிய கணினிக்கு ஒதுக்குகிற காசு எல்லாம் சேர்த்து 120,000 என்று வைப்போம். ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் கணினிக்கு முன் இருந்தாலும் காசு வருகிற வேலை ஐந்துதான் இருக்கும், மிச்சம் போன் கதையும் படிப்பும். வேலையே இல்லாத நாட்களும் வரும். மாதம் 100 மணித்தியாலம் என்று எடுத்தால் மணிக்கு 1,200. என்னுடைய அந்த 40 செக்கன் 150,000-க்கு வந்திருக்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் வேலை கிடைக்குமா? யாழ்ப்பாணத்தில் பல தடவை கிடைக்காது. அந்த இடத்தில்தான் பலர் விலையைக் குறைக்கிறார்கள். நான் வேலையைக் குறைக்கிறேன். 40 செக்கனை 20 ஆக்கலாம். பின்னணியை ஒரே படமாக வைக்கலாம். கையால் வரையாமல் கை, கால், தலையைத் துண்டுகளாக வெட்டி மூட்டுப் போட்டு ஆட்டலாம். "உங்கடை காசுக்கு இவ்வளவு வரும்" என்று சொன்னால் ஆட்கள் கோபிப்பதில்லை. தையற்கடையில் துணி போதாது என்றால் கோபிப்போமா?

திருத்தங்களுக்கு எல்லை வேண்டும். நான் நாலு இடத்தில் நிறுத்துவேன்: ஸ்டோரிபோர்ட், அதையே ஒலியோடு ஓடவிட்ட அனிமாட்டிக், பென்சில் அசைவு, நிறம். ஒவ்வொன்றிலும் "ஓம், சரி" என்று எழுத்தில் வாங்கினால்தான் அடுத்தது. குரல் மெசேஜ் எடுபடாது. இரண்டு தடவைத் திருத்தம் விலைக்குள், மூன்றாவதில் இருந்து மணிக்கணக்கு. ஸ்டோரிபோர்ட்டில் இரட்டைப் பின்னல் கேட்டிருந்தால் அழிறப்பரும் ஐந்து நிமிடமும்தான். நிறம் போட்ட பிறகு எனக்கு இரண்டு இரவு போனது. பாதிக் காசு முன்பணம். மீதி வந்த பிறகுதான் முழுத் தரத்தில் படம், அதுவரை குறுக்கே பெயர் போட்ட சின்னப் பிரதி. வேலைக் கோப்புகள் கேட்டால் அது தனி விலை.

உரிமையைப் பற்றி எங்கள் பிள்ளைகள் கேட்பதே இல்லை. ஒரு தம்பி ஒரு கடைக்குச் செய்துகொடுத்த சின்ன அணில் பிறகு கொப்பி அட்டை, தண்ணீர்ப் போத்தல் என்று எல்லாவற்றிலும் வந்தது. அவருக்கு அதில் ஐந்து சதமும் வரவில்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமைக்கு எங்கும் பதியத் தேவையில்லை, படைத்த கணத்தில் இருந்தே உண்டு. நீங்கள் வரைந்த உருவத்துக்கு அது உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும் நிற்கும். அதை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்தில், இரு தரப்பும் கையெழுத்து வைத்துத்தான். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது செய்தவை என்றால் கதை வேறு. ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை பொருளாதார உரிமை முதலாளிக்கு. ஆகவே கையெழுத்து வைக்க முதல் படியுங்கள். அந்தத் தம்பியிடம் ஒரு தாளும் இருக்கவில்லை. வழக்குப் போடவும் அவர் விரும்பவில்லை, ஊருக்குள் பகை என்று.

சொந்தக்காரர் வேலை இன்னொரு பிரச்சினை. சாமத்திய வீட்டுக்கு ஒரு வீடியோ, பெரியப்பாவின் அந்தியேட்டிக்கு ஒன்று. இவற்றுக்குக் காசு கேட்க எனக்கும் வாய் வராது. ஆனால் பில் எழுதிக் கொடுப்பேன். 18 மணித்தியாலம், 21,600 ரூபா, கழிவு 21,600, செலுத்த வேண்டியது 0. சித்தி அதைப் பார்த்துச் சிரித்தா. ஆனால் அடுத்த முறை தன் சிநேகிதியை அனுப்பும்போது "காசு கேட்பான், நல்லாய்ச் செய்வான்" என்று சொல்லித்தான் அனுப்பினா.

வெளிநாட்டு வேலைக்கு டொலரிலேயே விலை சொல்லுங்கள். 2022 தொடக்கத்தில் ரொறன்ரோ மாமா ஒருவருக்கு ரூபாவில் பேசினேன். 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் மார்ச்சில் இருந்து ஏறி 360 அளவுக்குப் போனது. முதலில் பேசின ரூபா மே மாதம் அப்படியே வந்தது. மாமாவுக்குப் பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே வேலை முடிந்தது, அவர் மேல் பிழையும் இல்லை. அப்புறம் வரி. 2025 ஏப்ரலில் இருந்து வங்கி வழியாக வருகிற வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் வரி உண்டு, 15 வீதத்துக்கு மேல் போகாது. வருடத்துக்கு 18 இலட்சம் வரை தனிநபர் விலக்கு இருக்கிறது. விலை போடும்போது இதையும் போடுங்கள்.

அதே 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. இரவிரவாக ரெண்டர் போட்ட (கணினி இறுதிப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்த) ஒரு வீடியோ 90 வீதத்தில் அப்படியே போனது. அன்றிலிருந்து நேரடியாக வீடியோவாக எடுப்பதில்லை. ஒவ்வொரு பிரேமையும் தனிப் படமாக எடுத்துப் பிறகு சேர்ப்பேன். மின்சாரம் போனாலும் நின்ற இடத்தில் இருந்து தொடரலாம்.

இப்போது புதுக்கதை, "ஏஐ ரெண்டு நிமிசத்திலை செய்யுதாமே". செய்கிறது, நானும் பார்த்தேன். போன மாதம் ஒருவர் அப்படி ஒன்று செய்துகொண்டு வந்தார், ஆச்சி ஒருவர் பேரனுக்குச் சோறு குழைத்துக் கொடுப்பது. வடிவாகத்தான் இருந்தது. "கை மட்டும் கொஞ்சம் பிந்தி வரட்டும், முகத்தை மாத்த வேண்டாம்" என்றார். ஏஐயிடம் நாலு தடவை கேட்டாராம். நாலு தடவையும் வேறு ஆச்சி வந்தாவாம். பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறார். நாளைக்கு அதுவும் சரிவரலாம். ஆனால் கை பிந்த வேண்டும் என்று கண்டுபிடிக்கிற கண்ணை இன்றைக்கே பழக்கத் தொடங்கினால் நட்டம் ஒன்றும் இல்லை.

வடமராட்சித் தம்பி முந்தநாள் பனம்பழத்தைத் திரும்ப அனுப்பினார். இந்த முறை விழுந்தது. எவ்வளவு நேரம் என்று நான் கேட்க முதலே கீழே எழுதியிருந்தார்: 3 செக்கன், 5 மணித்தியாலம் 20 நிமிடம். இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். பழத்தின் நிழல் இன்னும் பழைய வேகத்தில்தான் வந்துகொண்டிருந்தது. அதைத் திருத்த இன்னொரு 40 நிமிடத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்ளும் என்று பதில் போட்டேன்.