இன்ஸ்டால் – நிறுவு: சொல் விளக்கம்

கணினிக் கடையில் “விண்டோஸ் போட்டுக் கொடுங்க” என்கிறோம். கைபேசிக் கடையில் “கார்டுல பாட்டு ஏத்திக் கொடுங்க” என்கிறோம். வீட்டுக்கு வந்ததும் “எல்லாம் இன்ஸ்டால் பண்ணியாச்சு” என்று முடிக்கிறோம். பேச்சில் இந்த மூன்றும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்துபோகும், யாருக்கும் குழப்பமில்லை. எழுத்தில் மட்டும் ‘நிறுவு’ என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. அது ஏட்டுத் தமிழ், ‘போடு’ போதாதா என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு.

இந்தக் கேள்விக்கு இன்றைய கைபேசியை வைத்துப் பதில் சொல்ல முடியாது. பொத்தானைத் தொட்டால் செயலி வந்து உட்கார்ந்துகொள்கிறது; உள்ளே என்ன நடந்தது என்று தெரிவதில்லை. என்ன நடக்கிறது என்பது பழைய கணினியில்தான் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வேலையையும் நாமே செய்தாக வேண்டும். ஆகவே ஒரு பழைய எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்கிறேன்: ஈமேக்ஸ் என்னும் உரைதிருத்தியில் அச்சுக்கோப்புக்கான, அதாவது பக்கங்களை அச்சுக்கு அடுக்கும் வேலைக்கான, ‘ஏயூசி-டெக்’ என்னும் நீட்சியை (கூடுதல் வசதி தரும் துணைநிரலை) நிறுவுவது.

முதலில் இன்ஸ்டால் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இடைக்கால இலத்தீனில் ‘இன்ஸ்டல்லாரே’ என்றொரு வினை. ‘இன்’ என்றால் உள்ளே. ‘ஸ்டல்லும்’ என்றால் தேவாலயத்தில் குருமார்களுக்கென்று ஒதுக்கிய இருக்கை. ஒருவரைப் பதவியில் அமர்த்தும்போது அவருக்குரிய இருக்கையில் சடங்கோடு கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். அதுதான் இன்ஸ்டால். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அந்தப் பொருள்தான் இருந்தது. ஆயர்களையும் தலைமைக் குருக்களையும் பற்றிச் சொல்லும்போது இன்றும் இருக்கிறது. பிறகு எந்திரங்களையும் குழாய்களையும் மின்விளக்குகளையும் உரிய இடத்தில் பொருத்துவதற்கு அது நீண்டது. மென்பொருளுக்கு வந்தது கடைசியில்.

அந்த ‘ஸ்டல்லும்’ இலத்தீனின் சொந்தச் சொல் அன்று. ஜெர்மானிய மொழிகளிலிருந்து இரவல் வாங்கியது. அங்கே ‘ஸ்டால்’ என்றால் நிற்கும் இடம்; மாடும் குதிரையும் நிற்கும் தொழுவத்துக்கும் அதுவே பெயர். நம் தெருமுனை டீ ஸ்டாலும் புத்தகக் கண்காட்சி ஸ்டாலும் அதே குடும்பம். ஆக, இன்ஸ்டால் என்ற சொல்லின் அடியில் கிடப்பது ஒன்றை அதற்குரிய இடத்தில் நிற்க வைப்பது என்ற எண்ணம்.

இப்போது ஈமேக்ஸுக்கு வருவோம். அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் 1970-களின் நடுவில், டெக்கோ என்ற பழைய உரைதிருத்திக்கு எழுதிய மேக்ரோக்களின் (பல கட்டளைகளை ஒன்றாக்கிய குறுநிரல்களின்) தொகுப்பாகப் பிறந்தது ஈமேக்ஸ். ‘எடிட்டர் மேக்ரோஸ்’ என்பதன் சுருக்கமே பெயர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட குனு ஈமேக்ஸ்தான் இன்று நாம் அறிவது. டெக் என்பது டொனால்டு குனுத் தன் நூல்களின் அச்சு அழகு கெட்டுப்போனதைப் பொறுக்காமல் 1977–78-இல் எழுதத் தொடங்கிய அச்சுக்கோப்பு நிரல். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டியது லேடெக். கணிதம் எழுதுகிறவர்கள் உலகெங்கும் கையாளும் கருவி இது.

லேடெக் ஆவணத்தை எந்த உரைதிருத்தியிலும் தட்டச்சு செய்யலாம். ஆனால் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் பின்சாய்கோடு, நெளிவு அடைப்புக்குறிகள், தொடக்கக் கட்டளைக்கு ஒரு முடிவுக் கட்டளை என்று கை ஓய்ந்துவிடும். அந்த வேலையைக் குறைக்க ஈமேக்ஸுக்கு எழுதியதுதான் ஏயூசி-டெக். கண்ட்ரோல்-சியை இருமுறை அழுத்தினால் ஆவணம் அச்சுக்கோப்புக்குப் போகும். பிழை இருந்தால் அந்த வரியிலேயே கொண்டுபோய் நிறுத்தும். தொடக்கக் கட்டளைக்கும் முடிவுக் கட்டளைக்கும் இடைப்பட்ட ‘சூழல்’களைத் தானே திறந்து மூடும். பெயரில் உள்ள ஏயூசி, டென்மார்க்கின் ஆல்போர்க் நகரத்துப் பல்கலைக்கழக மையத்தின் சுருக்கம். நீட்சி உருவானது அங்கே. 1974-இல் தொடங்கிய அந்த மையம் 1994-இல் ‘மையம்’ என்ற சொல்லைக் கைவிட்டு வெறும் ஆல்போர்க் பல்கலைக்கழகமாயிற்று. பழைய பெயர் நீட்சியில் மட்டும் நின்றுவிட்டது.

இன்று இதை நிறுவுவது ஒரு வரி வேலை. 2012-இல் வந்த ஈமேக்ஸ் 24 முதல் தொகுப்பு மேலாளர் உள்ளேயே இருக்கிறது. பெயரைச் சொன்னால் இணையத்திலிருந்து எடுத்துவந்து வைத்துவிடும். அதற்கு முந்தைய ஈமேக்ஸ் ஓடும் கணினியில், அதுவும் இணையத்தோடு ஒட்டாத கணினியில், மூன்று தனித்தனி வேலைகள்.

முதல் வேலை கோப்புகளை உரிய இடத்தில் வைப்பது. சுருக்கிக் கட்டிய மூட்டையைப் பிரித்தால் லிஸ்ப் மொழியில் எழுதிய கோப்புகள் வரிசையாக வந்து விழும். அவற்றை எங்கே வேண்டுமானாலும் போட்டுவிட முடியாது. ஈமேக்ஸ் தேடும் அடைவுகளின் (கோப்புறைகளின்) பட்டியல் ஒன்று உண்டு. அதில் உள்ள ஓர் அடைவில் வைக்க வேண்டும், இல்லையென்றால் வைத்த அடைவைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பழைய பதிப்புகளில் ‘டெக்-சைட்’ என்ற கோப்பைத் திறந்து அடைவின் பெயரைக் கையால் எழுத வேண்டியிருந்தது. பிற்பாடு ‘கன்ஃபிகர்’ என்ற நிரல் வந்து கணினியைத் தானே துழாவிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்தது.

இரண்டாவது, அந்த மூலநிரல்களை ஈமேக்ஸ் விரைவாகப் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவது. மூலக்கோப்பை அப்படியே வைத்தாலும் நீட்சி ஓடும், மெதுவாக. இன்றைய கணினியில் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. ஈமேக்ஸின் பெயரை ‘எட்டு மெகாபைட், எந்நேரமும் வட்டோடு மல்லுக்கட்டு’ என்று விரித்துக் கிண்டலடித்த, நினைவகம் குறைந்த காலத்துக் கணினியில் நன்றாகவே தெரியும். இதில் ஒரு கண்ணி உண்டு: புதிய ஈமேக்ஸில் மாற்றிய கோப்பைப் பழைய ஈமேக்ஸ் ஏற்காமல் போகலாம். வேகமான கணினியில் மாற்றி எடுத்துவந்து பழையதில் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை பல நேரம் இங்கேதான் கவிழும். மாற்றும் வேலையை அந்தப் பழைய ஈமேக்ஸே செய்ய வேண்டும்.

மூன்றாவது வேலை சின்னதுதான், தகராறு அதிகமும் இதில்தான். நீட்சி வந்திருக்கிறது என்று ஈமேக்ஸுக்குச் சொல்ல வேண்டும். ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கும் தனிப்பட்ட கோப்பு ஒன்று உண்டு. யுனிக்ஸ் இயங்குதளத்தில் அதன் பெயர் புள்ளியில் தொடங்கும். அதில் ‘இந்த நீட்சியை ஏற்று’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். டாஸ் இயங்குதளத்தில் புள்ளியில் தொடங்கும் கோப்புப்பெயரே கூடாது. அதனால் அங்கே அடிக்கோட்டில் தொடங்கும் பெயர். அடுத்து, அடைவின் பாதையை டாஸ் வழக்கப்படி பின்சாய்கோடு போட்டு எழுதினால் லிஸ்ப் அதை வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும். பின்சாய்கோட்டை இரட்டித்து எழுத வேண்டும், அல்லது யுனிக்ஸ்காரர்கள்போல முன்சாய்கோடு போட வேண்டும். கோப்புகள் வட்டில் இருக்கும், மாற்றமும் முடிந்திருக்கும், நீட்சி மட்டும் வேலை செய்யாது. காரணம் இந்த ஒரு குறியாக இருக்கும்.

இதற்கெல்லாம் மேலே, பழைய கையேடு ஒரு நான்காவது வேலையையும் பரிந்துரைத்தது: கணினியில் உள்ள டெக் பாணிக் கோப்புகளையெல்லாம் ஏயூசி-டெக் ஒருமுறை படித்து, அவற்றில் என்னென்ன கட்டளைகள் உள்ளன என்று குறித்து வைத்துக்கொள்வது. செய்யாவிட்டாலும் பரவாயில்லை. செய்தால் கட்டளைகளின் பெயரைப் பாதி அடித்தாலே மீதியை அதுவே நிரப்பும். பழைய கணினியில் இதைத் தொடங்கிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவது நல்லது. சூத்திரங்களைப் படமாக ஆவணத்துக்குள்ளேயே காட்டும் முன்னோட்ட வசதிக்குக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற, பக்கங்களைப் படமாக்கும் நிரலும், படம் காட்டத் தெரிந்த ஈமேக்ஸ் 21-உம் வேண்டும். 2001-க்கு முந்தைய ஈமேக்ஸ்தான் ஓடும் என்றால் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

யுனிக்ஸ்காரர்கள் இந்த வேலைகளில் எதை இன்ஸ்டால் என்றார்கள்? மூலநிரலை மாற்றும் கட்டம் ‘மேக்’. உரிய இடத்தில் வைக்கும் கட்டம் ‘மேக் இன்ஸ்டால்’. 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி யுனிக்ஸில் ‘இன்ஸ்டால்’ என்ற பெயரிலேயே ஒரு கட்டளை சேர்ந்தது. அது கோப்பை நகலெடுக்கும். கூடவே அதன் உரிமையாளர் யார், யார் படிக்கலாம், யார் இயக்கலாம் என்பதையும் விதிக்கும். நகலெடுக்க ஏற்கெனவே ஒரு கட்டளை இருக்கும்போது இதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இடமும் உரிமையும் சேர்ந்தால்தான் இன்ஸ்டால். குருவுக்கு இருக்கை கொடுத்த பழைய சடங்கிலும் இந்த இரண்டும் இருந்தன.

தமிழில் ‘நிறுவு’ என்ற சொல்லுக்கு வேர் ‘நில்’. நில் என்பது தானே நிற்பது. நிறு, நிறுத்து, நிறுவு ஆகியவை பிறிதொன்றை நிற்கச் செய்வது. இலத்தீன்காரர்கள் ஜெர்மானியத்திலிருந்து இரவல் வாங்கிய அதே எண்ணம் இங்கே சொந்த வேரிலேயே இருக்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்றை ஆக்கவில்லை. ‘நிறுவு’ கணினி வருவதற்கு மிக முந்தைய சொல். புறநானூற்று 165-ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார், நிலையில்லாத உலகத்தில் நிலைபெற நினைத்தவர்கள் “தம்புகழ் நிறீஇத் தாமாய்ந் தனரே” என்கிறார். நிறீஇ என்றால் நிறுவி. ஆள் போனான், நிறுவியது நின்றது. ஆல்போர்க்கின் ஏயூசிக்கும் இதைச் சொல்லலாம்.

பிற்காலத்தில் இந்த வினை பல துறைகளில் பரவியது. சிலை நிறுவுகிறோம், அறக்கட்டளை நிறுவுகிறோம். நிறுவிய அமைப்பு நிறுவனம். கணித நூலில் ‘என நிறுவுக’ என்றால் நிரூபித்துக் காட்டு என்று பொருள். கூற்று ஒன்றை யாரும் அசைக்க முடியாதபடி நிற்க வைப்பது. லேடெக்கில் தேற்றத்தைத் தட்டச்சு செய்பவர் மென்பொருளையும் நிறுவி, தேற்றத்தையும் நிறுவ வேண்டியிருக்கிறது. இரண்டில் எது கடினம் என்பது கணினியின் வயதைப் பொறுத்தது.

நிறுத்து என்பதும் நிற்கச் செய்வதுதானே, அது ஏன் ஆகாது? வேட்பாளரை நிறுத்துகிறோம், தூணை நிறுத்துகிறோம், சரி. ஆனால் ஓடுவதை ஓயச் செய்வது என்ற பொருள் அதில் மேலோங்கிவிட்டது. ‘மென்பொருளை நிறுத்தினேன்’ என்றால் மூடிவிட்டேன் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். ‘நிறுவு’வுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

‘ஏற்று’ வேறு காரணத்தால் ஆகாது. மேலே சொன்ன மூன்றாவது வேலையில் ஈமேக்ஸுக்குக் கொடுத்த ஆணை ‘லோடு’. வட்டில் ஏற்கெனவே நிறுவியிருப்பதை, ஒவ்வொருமுறை தொடங்கும்போதும் நினைவகத்துக்குக் கொண்டுவருவது. ஏற்று என்ற சொல் அதற்கு வேண்டும். நிறுவுவது ஒருமுறை, ஏற்றுவது அன்றாடம். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால், ‘நிறுவியிருக்கிறது, ஆனால் ஏற்றவில்லை’ என்ற மிகச் சாதாரணமான கோளாறைத் தமிழில் சொல்ல வழியில்லாமல் போகும். பாட்டை ஏற்றுவது என்ற பேச்சு வழக்கைத் திருத்தத் தேவையில்லை. அங்கே நிறுவுவதற்கு ஒன்றுமில்லை, நகல்தான்.

‘போடு’ பேச்சுக்குப் போதும். சட்டை போடுவது, கையெழுத்துப் போடுவது, சண்டை போடுவது எல்லாம் செய்கிற வினை அது. கையேட்டில் அதை வைத்துக்கொண்டு நான்கு கட்டங்களைப் பிரித்துக் காட்ட முடியாது.

இதைவிடச் சங்கடமான சொல் இரண்டாவது வேலையில் இருக்கிறது. ‘கம்பைல்’ என்பதற்குச் சிலர் ‘தொகு’ என்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கத்தைத் திருத்தும் பொத்தானும் ‘தொகு’. அப்படியானால் உரையைத் தொகுக்கும் கருவியும், நிரலைத் தொகுக்கும் கருவியும் ஒரே பெயரில் வந்து நிற்கும். ஈமேக்ஸ் இரண்டையும் செய்கிறது என்பதால் இந்த நீட்சியின் கையேட்டில் ஒரே பத்தியில் மோதும். நான் ஒன்றைத் ‘திருத்து’ என்றும் மற்றதை ‘நிரல்பெயர்’ என்றும் எழுதுகிறேன். மூலநிரலை வேறு வடிவத்துக்குப் பெயர்ப்பதுதானே அது.

‘நிறுவு’விலிருந்து கிளைத்தவை: நிறுவல், நிறுவுதல், மறுநிறுவல். நிறுவும் கருவிக்கு ‘நிறுவி’ என்பார்கள். சொல் சரிதான், ‘நிறுவியை நிறுவி’ என்ற வகை வாக்கியம் வந்துவிடாமல் எழுதுபவர் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நிறுவி வினையெச்சமும்கூட. எதிர்ச்செயலுக்கு ‘நிறுவல் நீக்கு’ என்பது பரவியிருக்கிறது. வெறும் ‘அழி’ இதற்குப் போதாது. பழைய கணினியில் ஏயூசி-டெக்கின் கோப்புகளை அழித்துவிட்டு, தொடக்கக் கோப்பில் சேர்த்த வரியை அப்படியே விட்டால், அடுத்தமுறை ஈமேக்ஸ் திறக்கும்போதே ஏற்றச் சொன்ன கோப்பைக் காணோம் என்று முறையிடும். முதலில் அந்த வரியை நீக்க வேண்டும், பிறகு கோப்புகளை.