பால்வாடியில "ஆதார் இல்ல"ன்னு திருப்பி அனுப்புனா திரும்பி வந்துடாதீங்க

போன மாசம் மேலூர் பக்கம் ஒரு ஊர்ல ஒரு அப்பத்தா, மூணே கால் வயசு பேத்திய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு பால்வாடி வாசல்ல நின்னாங்க. அது மூணாவது நடை. மொத தடவ புள்ளைக்கு ஆதார் இல்லன்னாங்களாம், அடுத்து ரேஷன் கார்டுல பேர் இல்லன்னாங்களாம், இப்ப ஆத்தாக்காரி நேர்ல வரணுமாம், அந்தப் பொண்ணு திருப்பூர்ல பனியன் கம்பெனில கெடக்கு. "ஒண்ணுமே மண்டைல ஏற மாட்டேங்குது, மந்தமா இருக்கா"ன்னு அப்பத்தா பேத்தியத்தான் குறை சொல்றாங்க. நான் புள்ளையோட கீழ் இமைய லேசா எறக்கிப் பாத்தேன், வெளிறிப்போய் இருந்துச்சு. காலைல வரக்காப்பியும் ஒரு பன்னும்தானாம்.

இது மந்தம் இல்லங்க. இரும்புச்சத்து கொறஞ்சா புள்ளைக்கு கவனம் நிக்காது, சோர்ந்து போயிரும், சொல்லிக்குடுக்கறது மனசுல தங்காது. காப்பித்தண்ணி சாப்பாட்டுல இருக்கற இரும்பையும் உடம்புல சேர விடாது.

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாசத்துலருந்து 6 வயசு வரை உள்ள புள்ளைக்கு அங்கன்வாடி சாப்பாடு உரிமை. மூணு வயசுக்கு மேல காலைல ஒரு சிற்றுணவு, மதியம் சூடா சாப்பாடு. எடை ரொம்பக் கொறஞ்ச புள்ளைக்கு அதவிடக் கூடுதலா. இதுக்கு ஏழைன்னு நிரூபிக்க வேணாம், ரேஷன் கார்டுல பேர் இருக்கணும்னும் இல்ல. புள்ளையோட ஆதாரும் கட்டாயமில்ல, அம்மா ஆதார் போதும்னு மத்திய அரசே 2022ல சொல்லிருச்சு. இத ஏன் இன்னும் வாசல்ல நிக்கற அப்பத்தாகிட்ட யாரும் சொல்றதில்லன்னுதான் தெரியல.

இப்ப புதுசா ஒரு சிக்கல். வீட்டுக்குக் குடுக்கற சத்துமாவுக்கு 2025 ஜூலைலருந்து செல்போன்ல மொகத்தப் படம் புடிச்சுச் சரிபாக்கறாங்க, அதுக்கு முன்னாடி ஆதார்ல இருக்கற நம்பருக்கு ஓடிபி வரும். அந்த நம்பர் வெளியூர்ல இருக்கற புருஷங்கிட்ட இருந்தா அன்னிக்கு வேலை நடக்காது, அதனால மொதல்ல உங்க ஆதார்ல உங்க கையில இருக்கற நம்பர மாத்துங்க. ஆப் வேலை செய்யலன்னு சொல்லி அனுப்புனா "எந்தத் தேதிக்கு வரட்டும்"னு கேட்டு ஒரு தாள்ல எழுதி வாங்குங்க.

மாசாமாசம் எடை போடறத கண்ணால பாருங்க. வேற ஒரு புள்ளையோட எடை அட்டைல மூணு மாசமும் 10.5, 10.5, 10.5 கிலோன்னே எழுதியிருந்துச்சு, அந்தப் புள்ள எடை மெஷின்ல ஏறவே இல்லன்னு அம்மா சொல்றாங்க. எடை கொறஞ்சது பதிவாகலன்னா கூடுதல் சாப்பாடும் கெடைக்காது, ஆஸ்பத்திரிக்கும் அனுப்ப மாட்டாங்க. மாவு வாங்குனா அது அந்தப் புள்ளைக்கு மட்டும்தான், வீடு மொத்தத்துக்கும் கஞ்சி காச்சிட்டு "மாவு குடுத்தும் தேறல"ன்னு சொல்லக் கூடாது.

வாய்ல கேட்டா வாய்லயே அனுப்பிருவாங்க. வட்டார குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் பேருக்கு மனு எழுதுங்க, புள்ள பேர், பொறந்த தேதி, எத்தன தடவ எந்தெந்த நாள் திருப்பி அனுப்புனாங்கன்னு நாலு வரி போதும். நகர்லதான் இருக்கீங்கன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயே குடுத்துரலாம், ரசீது வாங்காம எந்திரிக்காதீங்க. நேர்ல போக முடியாதவங்க முதலமைச்சர் உதவி எண் 1100க்கு போன் பண்ணி மனு நம்பர குறிச்சு வச்சுக்கோங்க. அந்த அப்பத்தாவுக்கு நாங்க எழுதிக் குடுத்தோம், ஒரு வாரத்துல பேர் ஏறிருச்சு. மனுவோட ஜெராக்ஸ் ஒண்ணு கைல வச்சுக்கோங்க, அடுத்த தடவ வேற ஆள் இருப்பாங்க.