பத்தியம் இருந்தும் ஆறாத புண்

சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு எங்கள் டிரெஸ்ஸிங் அறையில் கால் புண்கள் கூடிவிடும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தவர்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு உறைக்காது. வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவும்போதுதான் கொப்புளமே கண்ணில் படும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் செக்கானூரணிப் பக்கத்து விவசாயி. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தாயிற்று, கிருமிக்கு மருந்து கொடுத்தாயிற்று, காலுக்கு ரத்த ஓட்டமும் சரியாக இருந்தது. மூன்று வாரமாகியும் புண் வெளிறிப்போய்க் கிடந்தது. ஆறுகிற புண் என்றால் சிவப்பாக, பொடிப்பொடியாகச் சதை கிளம்ப வேண்டும். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். அவர் மனைவி கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "முட்டை, மீனு, பருப்பு எல்லாத்தையும் நிறுத்திட்டோம் சார். சீழ் வச்சிரும்ல. இட்லி, கஞ்சி, ரசஞ்சோறுதான். எங்க அத்தை ரொம்பக் கண்டிப்பு."

சீழ் கிருமியால் வருவது, முட்டையால் அல்ல. அந்தக் கிருமியோடு மல்லுக்கு நிற்கும் வெள்ளணுக்களுக்கும், குழியை நிரப்பும் புதுச் சதைக்கும் புரதம் வேண்டும். சாதாரண நாளில் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே போதும். ஆறாத புண் இருந்தால் 1.25 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படலாம். 60 கிலோ ஆளுக்கு 75 கிராமுக்குக் குறையாது. நான்கு இட்லியில் எட்டு கிராம் தேறினால் பெரிது. ஒரு முட்டையிலேயே ஆறு கிராம் இருக்கிறது. அசைவம் வேண்டாம் என்றால் பருப்பு, சுண்டல், நிலக்கடலை, பால், தயிர் இருக்கின்றன. நம் ஊர் அயிரை மீன் குழம்புக்கும் தடையில்லை.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூப்பை நோயாளிக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, கறியை வீட்டார் சாப்பிட்டுவிடுகிறார்கள். புரதத்தில் பெரும்பங்கு கறியோடு போய்விடுகிறது! "தெம்பா இருக்க ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்பதும் இதே கதைதான். வழக்கமான அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிக்கு மேல் வராது, புரதம் துளியும் கிடையாது.

வைட்டமின் சி விஷயத்தை ஒருவர் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். 1939-இல் பாஸ்டன் நகரின் இளம் அறுவை மருத்துவர் ஜான் கிராண்டன், வைட்டமின் சி இல்லாத உணவையே மாதக்கணக்கில் சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்து முதுகில் போட்ட கீறல் ஒழுங்காக ஆறியது. ஆறாவது மாதம் போட்ட கீறலைப் பத்து நாள் கழித்துப் பார்த்தால், மேல்தோல் மூடியிருக்கிறது, உள்ளே ஒட்டவே இல்லை. சதையைக் கட்டும் கொலாஜன் நார் முறுக்கேற வைட்டமின் சி வேண்டும். ரத்தக்குழாய் வழியாக அதை ஏற்றிய பிறகுதான் உள்காயம் கூடியது.

மூன்று மாதக் கீறல் ஆறியதையும் கவனியுங்கள். குறைபாடு முற்றினால்தான் ஆபத்து. குறைபாடே இல்லாதவர் மாத்திரையை அள்ளிப்போட்டால் புண் விரைந்து ஆறிவிடாது. ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் போதும். பஸ் ஸ்டாண்டில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி விற்கிறார்களே, அந்தக் கொய்யாவில் பாதி சாப்பிட்டாலே கிடைத்துவிடும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதித்தால் சத்து போய்விடும்.

வைட்டமின் ஏ-வுக்கு முருங்கைக்கீரை. துத்தநாக மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், அளவு மீறினால் உடம்பில் தாமிரச் சத்து குறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். நம் விவசாயிக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

அடுத்த முறை அந்த அத்தையையும் வரச் சொன்னேன். அரை மணி நேரம் பேசினோம். முட்டைக்குச் சம்மதித்தார், பருப்புக்கும் சம்மதித்தார். இரண்டு வாரத்தில் புண்ணின் ஓரம் சிவக்கத் தொடங்கியது. கத்தரிக்காய்க்கு மட்டும் அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. கத்தரிக்காய் சாப்பிடாததால் புண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, நானும் விட்டுவிட்டேன்.